கேட் தேர்வை மறுபடியும் எழுதலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மார்ச் மாதம் கேட் ரிசல்ட் வந்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு இன்ஜினீயரிங் முடித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான். "உனக்கு எவ்ளோ ஸ்கோர்?" "570 வந்திருக்கு. எங்கயாவது கிடைக்குமா, இல்ல இன்னொரு தடவ எழுதட்டுமா?"

இரண்டாவது கேள்விக்குப் பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவது முயற்சியில் நல்ல ரேங்க் வாங்கியவர், "கண்டிப்பா எழுது மச்சி" என்பார். மூன்று முறை எழுதிச் சலித்துப்போனவர், "அந்தப் பக்கமே போகாத" என்பார். இரண்டுமே அவரவர் சொந்தக் கதை. கேட்டவருடைய மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

விடையில் பாதி அந்த அட்டையிலும், தேர்வுக்குப் பின் இணையத்தில் தரப்படும் விடைப் பதிவிலும்தான் இருக்கிறது. மீதிப் பாதி பணம், வயது, வீட்டு நிலவரம். இரண்டாவது பாதியில் எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால், முதல் பாதியைக் கூட்டல் கழித்தல் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

பழைய ஸ்கோர் காலாவதியாகவில்லை

கேட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வயது வரம்பும் இல்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஸ்கோர் செல்லும். அதாவது, 2026-ல் வாங்கிய ஸ்கோரை வைத்து 2026, 2027, 2028 என மூன்று ஆண்டு எம்.டெக். சேர்க்கையிலும் கலந்துகொள்ளலாம்.

இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால், இதிலிருந்து வரும் இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, மறுமுறை எழுதி ஸ்கோர் குறைந்துபோனாலும் பழைய ஸ்கோர் அப்படியே உயிரோடு இருக்கும். "இருக்கறதும் போயிடுமோ" என்ற பயத்துக்கு இந்தத் தேர்வில் இடமில்லை. இரண்டாவது, தேர்வை மறுபடி எழுதாமலேயே அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். கட்-ஆஃப் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் என்பதால், இந்த ஆண்டு பத்துப் புள்ளியில் கைநழுவிய இடம் அடுத்த ஆண்டு அதே ஸ்கோருக்குக் கிடைப்பதும் உண்டு.

மற்ற நுழைவுத் தேர்வுகளில் கதை வேறு. ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வின் பெயர் தமிழில் எழுதும்போது இதேபோலத்தான் இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த எம்.பி.ஏ. தேர்வின் ஸ்கோர் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான். அடுத்த நவம்பரில் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். அதோடு, பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மதிப்பெண்களுக்கும் எடை போடுகின்றன. எத்தனை முறை தேர்வு எழுதினாலும் பத்தாம் வகுப்பு மார்க் மாறப்போவதில்லை.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. இன்னும் தாராளம். ஐந்து ஆண்டுகள் செல்லும். 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதங்களுக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். எந்த நாளில் எழுதிய ஸ்கோரை அனுப்புவது என்பதை எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால், ஒரு நாளின் கணிதத்தையும் இன்னொரு நாளின் ஆங்கிலத்தையும் ஒட்டுப்போட்டு அனுப்ப முடியாது. தவிர, அமெரிக்காவில் பல துறைகள் ஜி.ஆர்.இ. ஸ்கோர் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. அங்கே மறுபடி எழுதுவதற்கு முன், அந்தத் துறை அதைப் பார்க்கவே போகிறதா என்று கேட்பதுதான் முதல் வேலை.

இனி இந்தக் கட்டுரையில் கேட் என்றால் இன்ஜினீயரிங் கேட் மட்டுமே.

மூன்றாண்டு விதியில் ஒரு பெரிய விலக்கு உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது, பெரும்பாலும் அறிவிப்பில் குறிப்பிடும் ஆண்டின் ஸ்கோரை மட்டுமே ஏற்கின்றன. அங்கே வயது வரம்பும் உண்டு. பல நிறுவனங்களில் பொதுப் பிரிவினருக்கு அது இருபதுகளிலேயே முடிந்துவிடும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குத் தளர்வு இருக்கிறது. ஆகவே, பொதுத்துறை வேலைதான் இலக்கு என்றால் மறுபடி எழுதுவதைத் தவிர வழியில்லை, அதுவும் வயது இருக்கும்போதே. எம்.டெக்.தான் இலக்கு என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை.

எந்த இடம் வேண்டும்?

"600 தாண்டணும்", "ரேங்க் 1,000-க்குள்ள வரணும்" என்று இலக்கு வைப்பவர்கள் அதிகம். உருண்டையான எண்கள் மனசுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சேர்க்கையில் அவற்றுக்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அங்கே கணக்கு எல்லாம் ஒரு குறிப்பிட்ட கல்வி நிறுவனத்தில், ஒரு குறிப்பிட்ட சிறப்புப் பிரிவில், ஒரு குறிப்பிட்ட இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் எந்த ஸ்கோரில் முடிந்தது என்பதுதான்.

ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பித்து, சி.ஓ.ஏ.பி. என்ற பொதுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இட வாய்ப்புகள் அதன் வழியாகவே சுற்றுச் சுற்றாக வரும். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற மையக் கலந்தாய்வு. எந்தச் சுற்றில், எந்தப் பிரிவில், எந்த ஸ்கோரில் இடங்கள் முடிந்தன என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியாகிறது. மறுபடி எழுதுவதைப் பற்றி யோசிப்பவர் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

படித்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கும். ஒரே மெக்கானிக்கல் துறைக்குள் டிசைன், தெர்மல், மேனுஃபேக்சரிங் ஆகிய மூன்றும் ஒரே ஸ்கோரில் முடிவதில்லை. மெக்கானிக்கல், சிவில் தாள்களை ஏற்கும் வேறு துறைகளும் இருக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஓஷன் இன்ஜினீயரிங் அப்படிப்பட்ட ஒன்று. "எனக்கு எங்கயும் கிடைக்காது" என்று முடிவுகட்டிக்கொண்டு மறுதேர்வுக்குக் கிளம்பும் சிலருக்கு, கையில் இருக்கும் ஸ்கோரிலேயே ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்கும். அந்த வாசல் அவர்களுக்குப் பிடித்ததா என்பது அவர்கள் முடிவு. ஆனால், தெரிந்துகொண்டு வேண்டாம் என்பதும், தெரியாமலேயே இழப்பதும் ஒன்றல்ல.

ஒரு மார்க் எத்தனை ஸ்கோர்?

கேட் தேர்வில் 100-க்கு வாங்குவது மார்க். 1,000-க்குத் தரப்படுவது ஸ்கோர். முன்னதைப் பின்னதாக மாற்றும் சூத்திரம் ரகசியமில்லை, தேர்வுக் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பார்கள். முதலாவது, பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண். எல்லோரும் வாங்கியதன் சராசரியோடு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வருவது அல்லது 25, இதில் எது அதிகமோ அது. இந்த மார்க் வாங்கியவருக்கு ஸ்கோர் 350. இரண்டாவது, உச்சியில் இருக்கும் 0.1 சதவீதம் பேரின் சராசரி மார்க். அந்த 0.1 சதவீதம் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால் முதல் பத்துப் பேரின் சராசரி. இந்த மார்க்குக்கு ஸ்கோர் 900. இந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்தால் மற்றவர்களின் ஸ்கோர் கிடைத்துவிடும்.

கணக்குக்காக ஒரு தாளில் தகுதி மதிப்பெண் 30, உச்சிச் சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 50 மார்க். ஸ்கோரில் 350-லிருந்து 900 வரை 550 புள்ளிகள். ஆக, ஒரு மார்க்குக்கு 11 புள்ளிகள்.

இப்போது ஒரு மெக்கானிக்கல் பட்டதாரியைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்க்கிறார். அந்தத் தாளில் அவருக்கு 50 மார்க், அதாவது ஸ்கோர் 570. அவர் ஆசைப்படும் இடம் கடந்த ஆண்டு 650-ல் முடிந்தது. 80 புள்ளிகள் என்றால் மலைபோலத் தெரிகிறது. 11-ஆல் வகுத்தால் ஏழே கால் மார்க்தான்.

"80 பாயின்ட் குறையுது" என்று சொல்லிக்கொள்பவருக்கும், "ஏழெட்டு மார்க் குறையுது" என்று சொல்லிக்கொள்பவருக்கும் அடுத்த ஆறு மாதம் ஒரே மாதிரி இருக்காது. முன்னவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரிப்பார். பின்னவர், அந்த ஏழு மார்க் எங்கே போனது என்று தேடுவார்.

(இதே சூத்திரத்தால்தான் இன்னொரு விஷயமும் நடக்கிறது. தாள் சுலபமாக வந்த ஆண்டில் தகுதி மதிப்பெண் ஏறிவிடும். அப்போது போன வருடத்தைவிட நாலு மார்க் கூடுதலாக வாங்கியவருக்கும் ஸ்கோர் குறையலாம். மார்க்கை மட்டும் வைத்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிடவே கூடாது.)

அந்த ஏழு மார்க் எங்கே போனது?

தேர்வு முடிந்த சில நாட்களில், விண்ணப்பத் தளத்திலேயே ஒவ்வொருவரும் எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தார்கள் என்ற பதிவு கிடைக்கும். வினாத்தாளும் அதிகாரபூர்வ விடைக்குறிப்பும் வெளியாகும். பலர் இந்த மூன்றையும் வைத்து மொத்த மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மறுதேர்வு முடிவுக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

மொத்தம் 65 கேள்விகள், 3 மணி நேரம். கொள்குறி வினாக்களில் மட்டும் தவறான விடைக்கு மார்க் கழிப்பார்கள். ஒரு மார்க் கேள்வி என்றால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்வி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கும் வினாக்களுக்கும் நெகட்டிவ் கிடையாது.

அந்த ஓ.எம்.ஆர். இளைஞரின் பதிவைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு மார்க் கொள்குறி வினாக்களில் ஐந்து தப்பு, ஒரு மார்க்கில் இரண்டு தப்பு. ஏழுமே, "ரெண்டு ஆப்ஷன் வெட்டியாச்சு, மிச்சத்துல ஒண்ண போட்டுடுவோம்" என்று போட்டவை. கழிந்தது சரியாக 4 மார்க். இரண்டு ஆப்ஷன்களை உண்மையிலேயே சரியாக வெட்டியிருந்தால் ஊகிப்பது லாபம்தான், நிகழ்தகவு அதைத்தான் சொல்லும். ஏழில் ஏழும் தப்பானது என்றால், அவர் சரியான விடையையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அந்த ஏழையும் தொடாமல் விட்டிருந்தால் 54 மார்க், ஸ்கோர் 614. ஒரு பக்கம்கூடப் புதிதாகப் படிக்காமல் 44 புள்ளிகள்.

அடுத்து ஜெனரல் ஆப்டிட்யூட். எல்லாத் தாளிலும் இது 15 மார்க். அவர் வாங்கியது 9. மீதி ஆறும் கடைசியில் நேரம் போதாமல் தொடாமலேயே விட்டவை. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இந்தப் பகுதியின் மேல் ஒரு இளக்காரம் உண்டு. "அதெல்லாம் பேங்க் எக்ஸாம் கணக்கு, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். தெர்மோடைனமிக்ஸில் நாலு மார்க் ஏற்றுவதற்கு ஆகும் உழைப்பையும், இங்கே நாலு மார்க் ஏற்றுவதற்கு ஆகும் உழைப்பையும் ஒப்பிட்டால் அந்த இளக்காரம் போய்விடும். இங்கே நாலு மார்க் கூடினால் மொத்தம் 58. ஸ்கோர் 658. அவர் கேட்ட இடம்.

இவர் தாராளமாக மறுபடி எழுதலாம். வேலையை விட வேண்டிய அவசியமும் இல்லை.

அதே 50 மார்க் வாங்கிய இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். நெகட்டிவ் அநேகமாக இல்லை, ஆப்டிட்யூடில் 13. ஆனால் ஹீட் டிரான்ஸ்ஃபர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இரண்டையும் முழுதாகவே விட்டுவிட்டார். கல்லூரியிலேயே அவை புரியவில்லை, பயிற்சி மையத்திலும் அந்த வகுப்புகளுக்குப் போகவில்லை. இவருக்கும் ஏழு மார்க்தான் வேண்டும். ஆனால், இரண்டு பாடங்களை அடியிலிருந்து கற்க வேண்டும். முடியாதது அல்ல. அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை இவர் நேர்மையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். போன ஆண்டு ஏன் படிக்கவில்லை என்பதற்கான காரணம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

இன்னொரு சோதனை இருக்கிறது, பலருக்கும் கசக்கக்கூடியது. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எழுதிய முழுநீள மாக் டெஸ்ட்களில் சராசரியாக எவ்வளவு வந்தது? மாக் டெஸ்ட்டில் 60 வந்துகொண்டிருந்தவர் பிப்ரவரியில் 50 வாங்கினால், அன்று ஏதோ சரியில்லை. காய்ச்சலோ, தூக்கமின்மையோ, முதல் அரை மணி நேரம் ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டதோ. அவர் மறுபடி எழுதினால் ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். மாக்கில் 45 வந்துகொண்டிருந்தவர் பிப்ரவரியில் 50 வாங்கியிருந்தால், அது அவருடைய நல்ல நாள். அதே அளவு தயாரிப்போடு மறுபடி போனால் 45-க்குத் திரும்பத்தான் வாய்ப்பு அதிகம். 50 அவருக்கு அடித்தளம் அல்ல, கூரை. "கொஞ்சம் முயற்சி பண்ணா 57 வந்துடும்" என்று அவர் நினைக்கும்போது, ஏற வேண்டியது ஏழு மார்க் இல்லை, பன்னிரண்டு.

கடந்த ஆண்டு 650-ல் முடிந்த இடம் இந்த ஆண்டு 670-ல் முடியலாம் என்பதால், போடும் கணக்கில் மூன்று நான்கு மார்க் உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

வேலையை விடுவதா?

விண்ணப்பக் கட்டணம் பெரிய செலவில்லை. 2026 தேர்வுக்கு அது 2,000 ரூபாய். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. உண்மையான செலவு, படிப்பதற்காக விடும் சம்பளம்.

மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தை ஒரு வருடம் விட்டால் 3,60,000 ரூபாய். அதோடு முடியவில்லை. கேட் வழியாக எம்.டெக். சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும், அதற்கு வாரம் எட்டு மணி நேரம் துறையில் உதவிப் பணி செய்ய வேண்டும். அந்த உதவித்தொகையும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. எம்.டெக். முடித்து வாங்கப்போகும் கூடுதல் சம்பளமும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. வீட்டுக் கடன் தவணையில் பங்கு போடுபவருக்கும், சாப்பாடும் இருப்பிடமும் வீட்டிலேயே கிடைப்பவருக்கும் இந்த எண்ணின் கனம் ஒன்றல்ல.

சரி, வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா? ஆகஸ்ட் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சுமார் 25 வாரங்கள். வார நாட்களில் தினம் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் தலா ஆறு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 22 மணி நேரம், மொத்தம் 550 மணி நேரம். தீபாவளி, பொங்கல், கம்பெனி ரிலீஸ், ஜலதோஷம் எல்லாம் போக 400 மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். நெகட்டிவையும் ஆப்டிட்யூடையும் சரிசெய்ய அது தாராளம். இரண்டு பாடங்களைப் புதிதாகக் கற்கவும் அநேகமாகப் போதும். முழு சிலபஸையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவருக்குப் போதாது.

நைட் ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வேலையை விடுவதற்கு முன் ஷிஃப்ட்டையோ ப்ராஜெக்ட்டையோ மாற்றக் கேட்டுப் பார்க்கலாம். கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் சம்பளமில்லா விடுப்பு கேட்பவர்களும் உண்டு. ரிசல்ட் வந்த சூட்டில் ஏப்ரலிலேயே ராஜினாமா கடிதம் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பத்து மாதம் முழுநேரமாகப் படிக்கப் போகிறேன் என்று தொடங்கும் பலருக்கும் முதல் மூன்று மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது.

கிடைத்த என்.ஐ.டி. இடத்தில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதுவது இன்னொரு வழி. பாதுகாப்பானது என்று தோன்றும், ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் முதல் செமஸ்டர் பாடங்களும் உதவிப் பணியும் சேர்ந்தால் கேட்டுக்குப் படிக்க நேரம் கிடைப்பது கஷ்டம். அடுத்த ஜூலையில் ஐ.ஐ.டி.க்கு மாறினால், என்.ஐ.டி.யில் போன ஒரு வருடமும் கணக்கில் சேராது. பாதியில் விட்டால் கட்டிய கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்பதை அந்தந்த நிறுவனத்தின் விதியில் சேரும் முன்பே படித்துவிட வேண்டும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்?

"என்னப்பா, வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மறுபடியும் பரீட்சையா?" அம்மாவின் இந்தக் கேள்வியில் இருப்பது எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது குழப்பம். எம்.டெக். முடித்தால் என்ன ஆகும், இப்போது இருக்கும் வேலையைவிட அது எப்படி உசத்தி என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். சில வீடுகளில் விண்ணப்பிப்பவருக்கே அது தெளிவாக இருக்காது. ஐ.டி. சப்போர்ட் வேலை பிடிக்கவில்லை, அதிலிருந்து வெளியே வர ஒரு கதவு வேண்டும், கேட் கண்ணில் பட்டது. அப்படியென்றால் மறுதேர்வைவிட வேலை மாறுவது சீக்கிரமான கதவாக இருக்கலாம்.

பெண்களுக்கு அந்த ஒரு வருடத்தின் விலை வேறு. 23, 24 வயதில் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றால், அக்கம்பக்கமும் சொந்தபந்தமும் அதைக் காத்திருக்கும் காலமாகவே பார்க்கின்றன. "இந்த வருஷம் பாக்க ஆரம்பிச்சிடலாம்" என்ற பேச்சு ஆறாவது மாதத்தில் தொடங்கிவிடும். தம்பிக்கு இரண்டாவது முயற்சிக்குக் கிடைக்கும் பொறுமை அக்காவுக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம்தான். ஆனால், முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. இப்படிப்பட்ட வீட்டுச் சூழலில், கையில் இருக்கும் இடம் இரண்டாம் விருப்பமாக இருந்தாலும் அதில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனமாக இருக்கக்கூடும். வேலையில் இருப்பவர் என்றால், வேலையில் இருந்தபடியே எழுதுவது அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும்.

மூன்றாவது, நான்காவது முயற்சி பற்றி யோசிப்பவர்கள் ஒன்று செய்யலாம். இதுவரை வாங்கிய ஸ்கோர்களை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். 410, 520, 590 என்று ஏறுமுகமாக இருந்தால் ஒரு கதை. 560, 575, 558 என்று ஒரே இடத்தில் சுற்றினால், படிக்கும் முறை மாறாதவரை அடுத்த எண்ணும் அங்கேயேதான் இருக்கும். பயிற்சி மையத்துக்கு ஏற்கெனவே கட்டிய பணத்தை இந்த முடிவுக்குள் இழுத்துக்கொண்டு வரக் கூடாது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது திரும்பாது.

எழுதாமலேயே இருக்கும் வழிகள்

ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது. எம்.டெக். போல ஸ்கோரை மட்டும் வைத்து இடம் தருவதில்லை. ஸ்கோரை வைத்து ஒரு பட்டியல் எடுத்து, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று போகும். பாட அடிப்படை வலுவாக இருந்து, மூன்று மணி நேரத் தேர்வில் மட்டும் தடுமாறுபவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. படிப்பு முடிய எம்.டெக்.கைவிடக் கூடுதல் காலம் பிடிக்கலாம். ஆராய்ச்சியில் விருப்பமே இல்லாதவர் குறுக்கு வழியாக நினைத்து இதில் நுழைந்தால் கஷ்டப்படுவார்.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் சார்ந்த எம்.இ., எம்.டெக். இடங்களுக்கு கேட் ஸ்கோரோ, 2023-ல் தொடங்கிய சீட்டா-பி.ஜி. தேர்வோ போதும். வேலையில் இருப்பவர்களுக்காக ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் இ-மாஸ்டர்ஸ் போன்ற படிப்புகள் கேட் ஸ்கோரே கேட்பதில்லை. ஆனால் கட்டணம் லட்சங்களில், உதவித்தொகை கிடையாது.

தாளை மாற்றி எழுதுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024-ல் டேட்டா சயின்ஸ் மற்றும் ஏ.ஐ.க்குத் தனித் தாள் வந்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் இரண்டு தாள்களைக்கூட ஒரே ஆண்டில் எழுதலாம். ஆனால், தாளை எழுத அனுமதி இருப்பதும், அந்தத் தாளின் ஸ்கோரோடு இந்தப் பட்டம் படித்தவரைத் துறை சேர்த்துக்கொள்வதும் வேறு வேறு. ஆசைப்படும் துறையின் தகுதி விதியில் தன் பி.இ. பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வருடத்தைப் புதிய தாளில் போடக் கூடாது.

எப்போது முடிவெடுப்பது?

மார்ச்சிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை. சி.ஓ.ஏ.பி., சி.சி.எம்.டி. சுற்றுகள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்காமல் நேராக மறுதேர்வுக்குப் போவது, கிடைத்திருக்கக்கூடிய இடத்தைப் பார்க்காமலேயே விடுவதற்குச் சமம். அடுத்த தேர்வுக்கான பதிவு வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும்.

நடுவில் இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். விடைப் பதிவையும் வினாத்தாளையும் தளத்திலிருந்து எடுக்கும்போதே போனிலும் மெயிலிலும் சேமித்துவைத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுவது: தெரியாது, தெரிந்தும் தப்பு, நேரமில்லை, ஊகம். பிறகு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுவரை பார்க்காத ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் அலாரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். அந்த மூன்று மணி நேரம் உட்காரவே மனசு வராமல் மூன்று வாரம் தள்ளிப்போனால், அதுவும் ஒரு தகவல்தான்.

பதிவு செய்த பிறகும் தாளையோ தேர்வு நகரத்தையோ மாற்ற நினைப்பவர்களுக்கு வழக்கமாக ஒரு திருத்த அவகாசம் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.